கீசரின் சொட்டுக் குழாயை அடைக்காதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

குளிர்காலத்தை முன்னிட்டு, கீசர் வாங்குவோருக்கான யோசனைகள் அடங்கிய கட்டுரை ஒன்று தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் வெளியாகியிருந்தது. எத்தனை லிட்டர், எத்தனை நட்சத்திரம், என்ன விலை என்பவை அதில் தெளிவாகவே இருந்தன. ஆனால் கடையிலிருந்து வந்த பெட்டி பிரிக்கப்பட்டு, குளியலறைச் சுவரில் ஏற்றப்பட்டு, குழாயும் மின்சாரமும் இணைக்கப்படுகிற அந்த ஒரு மணி நேரத்தைப் பற்றி ஒரு வரியும் இல்லை. கீசரால் நேரும் விபத்துகளில் பலவற்றுக்கு விதை விழுவது அந்த ஒரு மணி நேரத்தில்தான் என்பதை என் வீட்டிலேயே கண்டவள் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

நான் கோவையில் வசிக்கும், ஓய்வு பெற்ற இயற்பியல் ஆசிரியை. சில ஆண்டுகளுக்கு முன் 25 லிட்டர் கீசர் ஒன்றை வாங்கி மாட்டினோம். மாட்டிய மறுநாளிலிருந்தே, அதன் அடியில் தண்ணீர் உள்ளே போகும் இடத்தில் பொருத்தியிருந்த பித்தளை வால்வின் பக்கவாட்டுத் துளையிலிருந்து தண்ணீர் சொட்டத் தொடங்கியது. சுவரோடு கோடு போட்டாற்போல் ஈரம் இறங்கி, வெள்ளையடித்த இடம் பொரிந்துவிட்டது. பல ஆண்டுகளாக எங்கள் வீட்டுக்கு வந்துபோகும் பிளம்பரை அழைத்தேன். அவர் ஐந்தே நிமிடத்தில் அந்தத் துளையில் டம்மி எனப்படும் அடைப்பு மூடி ஒன்றை முறுக்கி, மேலே பசையும் பூசிவிட்டுப் போனார். சொட்டு நின்றது, எனக்கும் மகிழ்ச்சி. இரண்டு வாரம் கழித்து ஒரு விடியற்காலையில், கீசரைப் போட்டுவிட்டுச் சமையலறையில் பால் காய்ச்சிக்கொண்டிருந்தபோது குளியலறையில் பட்டாசு வெடித்தது போல ஓசை கேட்டது. இணைப்புக் குழாய் கிழிந்து, எதிர்ச் சுவர் வரை வெந்நீர் அடித்திருந்தது. அப்போது உள்ளே யாரும் இல்லை. பழுது பார்க்க வந்த மெக்கானிக் முதலில் பார்த்தது அந்த டம்மியைத்தான். "மூச்சு வுடற எடத்தையே அடச்சுப் போட்டீங்களேங் டீச்சர்" என்றார். முப்பது ஆண்டுகள் வகுப்பறையில் உலோக உருண்டையைச் சூடாக்கி, வளையத்துக்குள் அது நுழையாததைக் காட்டி, வெப்பத்தால் பொருள் விரிவடையும் என்று பாடம் நடத்தியவளுக்குத் தன் குளியலறையில் அது தோன்றாமல் போனதை எண்ணி இன்றும் வெட்கப்படுகிறேன்.

நடந்தது இவ்வளவுதான். குளிர்ந்த தண்ணீர் உள்ளே போகும் வழியில் இருக்கும் அந்த வால்வு இரண்டு வேலைகளைச் செய்கிறது. உள்ளே போன தண்ணீர் மறுபடியும் மொட்டை மாடித் தொட்டிக்கு ஏறிவிடாமல் தடுப்பது ஒன்று. உள்ளே அழுத்தம் அளவுக்கு மீறினால் கொஞ்சம் தண்ணீரை வெளியே விடுவது மற்றொன்று. குழாய்களெல்லாம் மூடியிருக்கும்போது கீசருக்குள் இருக்கும் தண்ணீர் அடைபட்ட தண்ணீர். 25 லிட்டர் தண்ணீர் 25 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குச் சூடானால் ஏறத்தாழ 350 மில்லி லிட்டர் கூடுதல் இடம் கேட்கும். தண்ணீரை அமுக்கிச் சுருக்க முடியாது என்பதால், அந்தக் கூடுதல் தண்ணீருக்கு வழி விடாவிட்டால் அழுத்தம் கிடுகிடுவென ஏறும். பல கீசர்களில் வால்வு திறக்க வேண்டிய அளவு 8 பார் (பார் என்பது அழுத்தத்தின் அலகு) என்று குறிக்கப்பட்டிருக்கும். மொட்டை மாடித் தொட்டியிலிருந்து தண்ணீர் இறங்கும் தனி வீட்டில் சாதாரணமாக இருக்கும் அழுத்தம் அரை பார்கூட இராது என்பதை ஒப்பிட்டால், அந்த எட்டு எவ்வளவு பெரியது என்பது புரியும். வால்வு மாற்றிய பிறகு ஆசை விடாமல் அதன் குழாயின் கீழ் எவர்சில்வர் டம்ளர் ஒன்றை வைத்துப் பார்த்தேன். ஒரு தடவை தண்ணீர் காய்ந்து முடிவதற்குள் ஒன்றேகால் டம்ளர் நிரம்பியது.

ஆகவே, கீசர் ஓடும்போது மட்டும் சொட்டி, தண்ணீர் ஆறியபின் நின்றுவிடும் சொட்டு நோயன்று. அது கீசர் ஒழுங்காக இருப்பதன் அடையாளம். சுவர் நனைவதுதான் கவலை என்றால், அந்தத் துளையில் சிறு குழாய் ஒன்றைச் செருகித் தரைச் சாக்கடை வரை இறக்கிவிட வேண்டும். அதன் நுனி திறந்தே இருக்க வேண்டும், இறங்குமுகமாகவும் இருக்க வேண்டும். கீசர் அணைந்திருக்கும்போதும் இரவு பகலாகச் சொட்டுகிறது என்றால் அது வேறு விஷயம். வால்வுக்குள் மணலோ உப்போ சிக்கியிருக்கலாம். அடுக்குமாடிக் குடியிருப்பாக இருந்தால், அழுத்தம் கூட்டும் பம்பு தேவைக்கு மேல் தள்ளிக்கொண்டிருக்கலாம். அப்போதும் வால்வைக் கழற்றிச் சுத்தம் செய்ய வேண்டும் அல்லது புதிது போட வேண்டுமே தவிர, அடைக்கக் கூடாது. இன்னொன்று: பிற்காலத்தில் கழற்ற வசதியாக இருக்கட்டும் என்று சில பிளம்பர்கள் கீசருக்கும் இந்தப் பாதுகாப்பு வால்வுக்கும் இடையில், தண்ணீரைத் திறந்து மூடும் ஒரு கேட் வால்வை வைத்துவிடுகிறார்கள். அதை யாராவது மூடிவிட்டால் பாதுகாப்பு வால்வு இருந்தும் இல்லாததுதான். கேட் வால்வு வேண்டுமென்றால், தண்ணீர் வரும் பக்கத்தில், பாதுகாப்பு வால்வுக்கு முன்னால் இருக்கட்டும்.

என் அம்மா காலத்துச் செம்புப் பாய்லரில் இந்தத் தொல்லை இருந்ததில்லை. நடுக்குழாயில் கரி எரியும். மேலே பச்சைத் தண்ணீரை ஊற்றினால் பக்கவாட்டு மூக்கு வழியாக வெந்நீர் வந்து விழும். எப்போதும் திறந்த பாத்திரம் அது. மூடிய பாத்திரத்துக்கு மாறிய நாம் அதற்குரிய விதிகளுக்கு மாறவில்லை என்பதுதான் கோளாறு. மொட்டை மாடிச் சூரியக் கீசரிலும் இதே கதைதான். தொட்டிக்கு மேலே கொம்பு போல நீட்டிக்கொண்டிருக்கும் காற்றுக் குழாய் ஆவியும் காற்றும் வெளியேறுவதற்காக வைத்தது. பார்க்க அழகாக இல்லை என்றோ, பல்லி விழுகிறது என்றோ அதன் வாயில் துணியைச் சுற்றி அடைத்த வீடுகளை எங்கள் தெருவிலேயே கண்டிருக்கிறேன். பல்லிதான் பிரச்சினை என்றால் வாயைக் கீழ்நோக்கி வளைத்து, வலை கட்டினால் போதும்.

அடுத்து மின்சாரம். வழக்கமான கீசர் 2,000 வாட். 230 வோல்ட்டில் அது ஏறக்குறைய 9 ஆம்பியரை இழுக்கும். மூன்று லிட்டர் உடனடிக் கீசர்கள் பெரும்பாலும் 3,000 வாட். அவை 13 ஆம்பியரை இழுக்கும். இவற்றுக்கு 16 ஆம்பியர் பவர் பிளக்கும், விநியோகப் பெட்டியிலிருந்து தனியாக வரும் கம்பியும் வேண்டும். 2,000 வாட்டுக்கு 2.5 சதுர மில்லி மீட்டர் செம்புக் கம்பி, 3,000 வாட்டுக்கு 4 சதுர மில்லி மீட்டர் என்று வைத்துக்கொள்வது நல்லது. கண்ணாடி விளக்குக்கும் ஷேவிங் மிஷினுக்கும் போட்ட சிறிய பிளக்கில், சந்தையில் கிடைக்கும் மாற்றுச் செருகியைச் சொருகிக் கீசரை ஓட்டுவது நெருப்புக்கு அழைப்பு விடுப்பதாகும். பிளக்கைக் கழற்றி அதன் முள்ளின் அடியைப் பாருங்கள். வெள்ளைப் பிளாஸ்டிக் தேநீர்க் கறை போலப் பழுப்பேறியிருந்தாலோ, ஓடும்போது தொட்டால் சூடாக இருந்தாலோ, இணைப்பு தளர்ந்திருக்கிறது என்று பொருள். அன்றே மாற்ற வேண்டும்.

உயிரைக் காப்பது, மின்கசிவைப் பூமிக்குக் கொண்டுபோகும் எர்த் கம்பியும், கசிவைக் கண்டதும் மின்சாரத்தை நிறுத்தும் ஆர்.சி.சி.பி. என்ற பாதுகாப்பு ஸ்விட்சும்தான். கீசருக்குள் தண்ணீரைச் சூடாக்கும் எலிமென்ட் என்பது ஓர் உலோகக் குழாய். அதன் நடுவே மின்கம்பியும், இரண்டுக்கும் இடையே மின்சாரம் கடத்தாத பொடியும் இருக்கும். உப்புப் படிந்து, அளவுக்கு மீறிச் சூடேறி அந்தக் குழாயில் முடி அளவு விரிசல் விட்டாலும் போதும், மின்சாரம் தண்ணீருக்குள் கசியும். எர்த் சரியாக இருந்தால் கசிவு பூமிக்குப் போகும். 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இருந்தால் கண்ணிமைக்கும் நேரத்தில் இணைப்பைத் துண்டித்துவிடும். இரண்டும் இல்லையென்றால், குளிப்பவரின் உடலே எர்த் கம்பியாகிவிடும். பழைய வீடுகளில் மூன்று துளைப் பிளக் இருக்கும். ஆனால் மேல் துளைக்குப் பின்னால் கம்பியே இராது, இருந்தாலும் அது போய்ச் சேரும் எர்த் குழி காய்ந்து கிடக்கும். இதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. கீசர் மாட்டும் அன்றே எலக்ட்ரீஷியனைச் சோதித்துக் காட்டச் சொல்ல வேண்டும். தமிழ்நாடு மின் உரிமம் வழங்கும் வாரியத்தின் தகுதிச் சான்று பெற்ற வயர்மேன்கள் எல்லா ஊர்களிலும் இருக்கிறார்கள்; கொஞ்சம் கூடுதலாகக் கேட்டாலும் அவர்களையே அழையுங்கள். ஆர்.சி.சி.பி.யில் இருக்கும் சோதனைப் பொத்தானை மாதம் ஒரு முறை அழுத்திப் பார்க்கலாம். அழுத்தியதும் அதன் ஸ்விட்ச் கீழே விழுந்து மின்சாரம் நிற்க வேண்டும். கீசரைப் போட்டால் ஆர்.சி.சி.பி. விழுகிறது என்று சொல்லி, அதை ஒதுக்கிவிட்டு நேரடியாக இணைப்புக் கொடுக்கச் சொல்லும் வீட்டுக்காரர்கள் இருக்கிறார்கள். வாசலில் குரைக்கும் நாயைக் கட்டிப்போட்டுத் திருடனுக்குக் கதவைத் திறந்துவிடுவது போன்றது அது. விழுகிறதென்றால் எலிமென்ட் கசிகிறதா என்றுதான் முதலில் பார்க்க வேண்டும்.

குளிக்கப் போகும்முன் கீசரை அணைத்துவிட வேண்டும் என்பது அவசியமில்லை, எர்த் சரியாக இருந்தால் போதும் என்று படித்த இளைஞர்கள் என்னிடம் வாதிட்டிருக்கிறார்கள். அவர்கள் சொல்வது தவறில்லை. ஆனாலும் நம் வீடுகளின் எர்த்தை நம்பி என் பேரனை அந்தத் தண்ணீரின் கீழ் நிறுத்த நான் தயாராக இல்லை. ஸ்விட்ச் குளியலறைக்கு வெளியே இருக்கட்டும்; அணைத்துவிட்டுக் குளிப்பது பழக்கமாக இருக்கட்டும். 25 லிட்டர் தண்ணீர் 35 டிகிரி சூடேற 2,000 வாட் கீசருக்கு அரை மணி நேரம் போதும். செலவு ஏறத்தாழ ஒரு யூனிட். நாள் முழுவதும் போட்டு வைத்தால், சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் அணைத்து அணைத்துப் போடும் என்பது உண்மைதான். ஆனால் தொட்டியிலிருந்து ஆறிப்போகும் சூட்டை ஈடுகட்டிக்கொண்டே இருப்பதற்கும் நாம்தான் பணம் கட்டுகிறோம். நட்சத்திரக் குறியீடு அளப்பது இந்த ஆறும் இழப்பைத்தான். இரண்டு மாதக் கணக்கு 500 யூனிட்டைத் தாண்டும் வீடுகளில் 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகளுக்கும் கூடுதல் விலை விழும் என்பதால், விளிம்பில் இருக்கும் குடும்பங்களுக்கு இது சின்னத் தொகையன்று.

எங்கள் ஊரில் தண்ணீர் இரண்டு வகை. சிறுவாணித் தண்ணீர் மென்மையானது. அதில் ஓடும் கீசருக்குப் பெரிய பராமரிப்பு தேவைப்படுவதில்லை. ஆனால் பெரும்பாலான வீடுகளில் குடிக்கத்தான் சிறுவாணி. குளிக்கவும் துவைக்கவும் ஆழ்துளைக் கிணற்றின் உப்புத் தண்ணீர். குடிநீருக்கான இந்தியத் தரநிலையில் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லி கிராம் வரை ஏற்புடையது, வேறு நீர் கிடைக்காத இடத்தில் 600 வரை அனுமதி. நம் ஆழ்துளைக் கிணறுகள் பல அந்த 600-ஐயும் எளிதாகத் தாண்டுகின்றன. சூடேறும்போது சுண்ணாம்பு பிரிந்து எலிமென்ட்டின் மேல் ஓடு கட்டும். கீசரிலிருந்து கடுகு பொரிவது போலச் சடசடவென்று ஓசை வந்தால் ஓடு கட்டிவிட்டது என்று அறியலாம். எங்கள் பழைய கீசரைத் திறந்தபோது முட்டை ஓட்டுச் சில்லுகள் போல அரை வாளி விழுந்தது. விரல் பருமனில் இருக்க வேண்டிய மெக்னீசியம் கம்பி அரித்துப்போய், நடுவிலிருந்த இரும்புக் கம்பி மட்டும் எஞ்சியிருந்தது. ஆனோடு எனப்படும் அந்த மெக்னீசியம் கம்பி தொட்டிக்குப் பதிலாகத் தான் அரிபடுவதற்காகவே வைக்கப்படுவது. அது தீர்ந்த நாளிலிருந்து அரிப்பு தொட்டியைத் தின்னத் தொடங்கும். உப்புத் தண்ணீர் வீடுகளில் ஆண்டுக்கு ஒரு முறை திறந்து பார்ப்பதும், கம்பி பாதிக்கு மேல் கரைந்திருந்தால் மாற்றுவதும் நல்லது. தொட்டிக்கு நீண்ட உத்தரவாதம் என்று பெரிய எழுத்தில் போட்டிருந்த எங்கள் அட்டையில், ஆனோடை உரிய காலத்தில் மாற்றியிருந்தால் மட்டுமே அது செல்லும் என்பது மிகச் சிறிய எழுத்தில் இருந்தது.

வாங்கும் அளவைப் பற்றித் தங்கள் கட்டுரை, ஆளுக்கு இத்தனை லிட்டர் என்று ஒரு கணக்குச் சொல்லியிருந்தது. ஷவரில் குளிப்பவர்களுக்கு அது பொருந்தும். வாளியில் விளாவிக் குளிக்கும் வீடுகளுக்கு வேறு கணக்கு. 60 டிகிரி வெந்நீரை 25 டிகிரிப் பச்சைத் தண்ணீரோடு விளாவி 40 டிகிரிக்குக் கொண்டுவர, 20 லிட்டர் வாளிக்கு எட்டரை லிட்டர் வெந்நீர் போதும். 15 லிட்டர் கீசர் ஒன்றே முக்கால் வாளி தரும்; 25 லிட்டர், ஏறக்குறைய மூன்று வாளி. இடையிடையே மறுபடி சூடேற்றிக்கொண்டு ஒருவர் பின் ஒருவராகக் குளிக்கும் நால்வர் குடும்பத்துக்கு 15 லிட்டரே தாராளம். விளாவும்போது முதலில் பச்சைத் தண்ணீரை விட்டு, அதன்மேல் வெந்நீரை விட வேண்டும். குழந்தை வாளிக்குள் கையை விட்டுவிட்டால் என்ன ஆகும் என்பதை நினைத்தால் இந்த வரிசை மறக்காது. 60 டிகிரித் தண்ணீர் ஐந்தே விநாடியில் பெரியவர்களின் தோலையே ஆழமாகச் சுட்டுவிடும். 50 டிகிரியில் அதற்குச் சில நிமிடங்கள் ஆகும். குழந்தைகளும் முதியவர்களும் தாங்களே குழாயைத் திறக்கும் வீட்டில் தெர்மோஸ்டாட்டை 50-க்குக் குறைத்து வைப்பது நல்லது. அப்போது வாளிக்கு வெந்நீர் சற்றுக் கூடுதலாகத் தேவைப்படும், அவ்வளவே.

சமையல் எரிவாயுவில் ஓடும் கீசரைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. மின் கட்டணத்துக்குப் பயந்து பலர் அதை வாங்கி, ஆள் ஒருவர் திரும்ப இடமில்லாத குளியலறைக்குள்ளேயே மாட்டிவிடுகிறார்கள். மூடிய அறையில் எரிவாயு எரியும்போது காற்றிலுள்ள ஆக்சிஜன் குறையும். எரிதல் முழுமை பெறாமல் கார்பன் மோனாக்சைடு உண்டாகும். சிலிண்டர் கசிந்தால் நாற்றம் காட்டிக்கொடுக்கும், ஏனெனில் அதற்கென்றே நாற்றப் பொருள் கலக்கப்பட்டிருக்கிறது. கார்பன் மோனாக்சைடுக்கு நாற்றமும் இல்லை, நிறமும் இல்லை. தலைவலி, குமட்டல், கிறுகிறுப்பு. அதற்குள் கால் துவண்டு, தாழிட்ட கதவுக்குப் பின்னால் விழுந்துவிடுவார்கள். வெளியேற்று விசிறி இருக்கிறதே, சன்னல் இருக்கிறதே என்று சமாதானம் சொல்லக் கூடாது. எரிவாயுக் கீசரின் இடம் குளியலறைக்கு வெளியே, காற்றோட்டமுள்ள திறந்த இடம். உள்ளே வர வேண்டியது வெந்நீர்க் குழாய் மட்டும். ஏற்கெனவே உள்ளே மாட்டியிருப்பவர்கள், இடம் மாற்றும்வரை அதைப் பயன்படுத்தாமல் இருப்பதே நல்லது.

வாடகை வீடுகளிலும் விடுதிகளிலும் இருப்பவர்களுக்குக் கீசர் வாய்ப்பதில்லை. வாளியில் தொங்கவிடும் ஹீட்டர் கம்பிதான் கதி. ஐ.எஸ்.ஐ. முத்திரையோடு 368 என்ற எண் உள்ளதை வாங்க வேண்டும். உலோக வாளியில் போடக் கூடாது. கம்பியில் குறித்திருக்கும் கோடுவரை தண்ணீர் நிற்க வேண்டும். தண்ணீர் காய்ந்துவிட்டதா என்று விரலை விட்டுப் பார்க்கும்முன் ஸ்விட்சை அணைப்பது மட்டும் போதாது, பிளக்கையும் பிடுங்கிவிட வேண்டும்.

நிறுவும் நாளில் வீட்டுக்காரர் கூடவே நிற்க வேண்டும் என்பதுதான் என் வேண்டுகோள். நீல வளையம் உள்ள குழாயில் குளிர்ந்த தண்ணீரும் சிவப்பு வளையத்தில் வெந்நீர்க் குழாயும் இணைந்திருக்கிறதா, வெந்நீர் போகும் குழாய் சூடு தாங்கும் சி.பி.வி.சி. பிளாஸ்டிக்கா அல்லது சூட்டில் தொய்ந்துவிடும் சாதாரண பி.வி.சி.யா, பெட்டியோடு வந்த பாதுகாப்பு வால்வு உண்மையில் பொருத்தப்பட்டதா அல்லது பெட்டிக்குள்ளேயே கிடக்கிறதா என்று பார்க்க இயற்பியல் தெரிந்திருக்க வேண்டியதில்லை. வெந்நீர்க் குழாயைத் திறந்து, தண்ணீர் தடையின்றி வந்த பிறகே முதல் முறை ஸ்விட்சைப் போட வேண்டும். வெறும் தொட்டியில் போட்டால் எலிமென்ட் கருகிவிடும். விற்பனையாளர்களும், மாட்டிவிட்டுப் போகும் ஆளிடம் வால்வு, எர்த், வெளியேற்றுக் குழாய் மூன்றையும் சோதித்ததாகக் கையெழுத்திட்ட சீட்டு ஒன்றை வாங்கி வாடிக்கையாளரிடம் தருவதை வழக்கமாக்கலாம். அதற்கு ஒரு தாளுக்கு மேல் செலவில்லை.

தங்கள் இணைப்பில் அடுத்த முறை கீசர் பற்றி எழுதும்போது, விலைப் பட்டியலுக்குப் பக்கத்தில் அந்தச் சொட்டுக் குழாயின் படத்தையும் வெளியிட வேண்டுகிறேன். படத்தைக் கத்தரித்து எங்கள் பிளம்பரிடம் கொடுக்கிறேன். அவர் இப்போதும் எங்கள் தெருவில் நான்கைந்து வீடுகளுக்கு வேலை பார்க்கிறார்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற இயற்பியல் ஆசிரியை,
கோயம்புத்தூர்.